மூச்சும் குருதியும் கூடுமிடம்: இப்னுந் நஃபீஸின் ஓர் உரைநூல்

அரபு மொழியில் ‘ஷீன் – ரா – ஹா’ என்னும் மூவெழுத்து வேர், திறத்தல், விரித்தல் என்னும் பொருளைத் தருவது. மூலநூலொன்றின் சொற்களைத் திறந்து பொருளை விரித்துக் காட்டும் உரைக்கு ‘ஷரஹ்’ என்று பெயர். உடலைத் திறந்து உள்ளுறுப்புகளைக் காட்டும் கலைக்குத் ‘தஷ்ரீஹ்’ என்று பெயர். நெஞ்சம் விரிவாக்கப்பட்டதைப் பேசும் திருக்குர்ஆனின் 94ஆம் அத்தியாயமும் ‘அஷ்-ஷரஹ்’ என்றே வழங்குகிறது. ஒரே வேரில் முளைத்த இவ்விரு சொற்களையும் தன் தலைப்பில் ஒருங்கே தாங்கிய நூலொன்று ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்டது. ‘ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்’ என்பது அதன் பெயர். இப்னு ஸீனாவின் ‘அல்-கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலில் உடற்கூறு பற்றி வரும் பகுதிகளுக்கு எழுதப்பட்ட உரை அது. எழுதியவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-குரஷீ. உலகம் அவரை இப்னுந் நஃபீஸ் என்று அறியும்.

மனிதன் மூச்சு விடுவது எதற்காக, இழுத்த காற்று உள்ளே சென்று என்ன ஆகிறது என்னும் வினாவின் வரலாற்றில் இந்நூலுக்கு அழியாத இடமுண்டு. ஆயினும் நம்மிடையே அதைப் பற்றி வழங்கும் பேச்சு இரு தவறான கரைகளில் ஒதுங்கிக் கிடக்கிறது. மத்ரஸாக்களின் ஷரஹ், ஹாஷியா மரபை ஏளனம் செய்வோர், முன்னோர் சொன்னதையே அரைத்த மாவாக அரைத்த காலம் அது என்று கூறி, இப்படியொரு நூல் இருந்ததையே அறியாமல் கடந்து போகின்றனர். நம் மேடைகளில் முழங்குவோரோ, இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னுந் நஃபீஸ் கண்டுபிடித்துவிட்டார், ஹார்வி அதைத் திருடிக்கொண்டார் என்று ஒரே வீச்சில் முடித்துவிடுகின்றனர். இரண்டுமே அந்தப் பேரறிஞருக்கு நீதி செய்வன அல்ல. அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை, எப்படிச் சொன்னார் என்பதை நிதானமாகப் பார்ப்பதே நம் நோக்கம்.

முதலில் மூச்சு இயங்கும் முறையை, இன்று நிலைபெற்றுள்ள அறிவைக் கொண்டு சுருக்கமாக நினைவுகூர்வோம். மார்புக்கூட்டின் அடியில் குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்குகிறது. விலா எலும்புகள் மேலெழுந்து விரிகின்றன. மார்பறையின் கொள்ளளவு கூடுவதால் உள்ளழுத்தம் குறைந்து வெளிக்காற்று தானே உள்ளே பாய்கிறது. நுரையீரலுக்குச் சொந்தமாகத் தசை வலிமை இல்லை. அது இழுக்கப்படும்போது விரிந்து, விடப்படும்போது தன் மீள்தன்மையால் சுருங்குவது. ஓய்விலிருக்கும் மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகி, ஏறத்தாழ 23 தலைமுறைகள் வரை பிரிந்து சென்று, முடிவில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. அவற்றின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும் என்பர். அவற்றின் பரப்பையெல்லாம் விரித்து வைத்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். நடுத்தர வீடொன்றின் தரையளவு இடம் மனிதனின் மார்புக்குள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது.

ஆனால் காற்று வந்து சேர்வது பாதிக் கதைதான். அந்தக் காற்றறைகளின் சுவர்களில் முடியினும் மெல்லிய குருதிக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் குருதிக்கும் நடுவிலுள்ள திரை ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே தடித்தது. சில இடங்களில் அதனினும் மெல்லியது. அத்திரையைக் கடந்து ஆக்சிஜன் குருதிக்குள் செல்கிறது, கரியமிலவாயு வெளியே வருகிறது. ஓய்வு நிலையில் ஒரு சிவப்பணு இந்த வலையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ முக்கால் நொடி. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றில் அது 16 விழுக்காடாகக் குறைகிறது. கரியமிலவாயுவோ 0.04 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 4 விழுக்காடாகப் பெருகுகிறது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது குருதி செல்லும் வழி. உடலெங்கும் சுற்றிவந்த குருதி இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. வலக் கீழறை அதனை முழுவதுமாக நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது இதயத்தின் இடப்பக்கம் திரும்பி, பின்னரே உடலுக்குச் செல்கிறது. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இவ்வாறு நுரையீரலைக் கடந்து செல்கிறது; மற்ற உறுப்புகள் அனைத்துக்கும் சேர்த்து எவ்வளவு குருதி செல்கிறதோ அவ்வளவும் நுரையீரல் ஒன்றின் வழியே போயாக வேண்டும். இன்று பள்ளி மாணவனும் அறிந்த இச்செய்தியை ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் அறியவில்லை. காரணம், அவர்களது வழியில் ஒரு சுவர் நின்றது. அச்சுவரில் துளைகள் இருப்பதாக ஒரு மேதை சொல்லிவிட்டார்.

அந்த மேதை, அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த கேலன். கி.பி. 129இல் பெர்கமத்தில் பிறந்து ரோமில் புகழ் பெற்றவர். குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்து ஆராய்ந்தவர். அவரது கணக்குப்படி, உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது. அங்கிருந்து சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று அவற்றுக்கு உணவாகித் தீர்ந்துபோகிறது. அதில் ஒரு பகுதி இதயத்தின் வலக் கீழறைக்கு வருகிறது. அதிலும் சிறிது நுரையீரலுக்கு உணவாகச் செல்ல, எஞ்சியதில் ஒரு பங்கு, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரின் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் வழியே இடக் கீழறைக்குள் கசிகிறது. அங்கே அது நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அம்சத்தோடு கலந்து, உயிராற்றலைச் சுமக்கும் நுண்பொருளாகிறது. மூச்சின் பயன் இரண்டு: இதயத்தின் இயல்பான வெம்மையைத் தணிப்பது, அதில் உண்டாகும் புகை போன்ற கழிவை வெளியேற்றுவது. நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் இடையே நுண்ணிய இணைப்புகள் உண்டு என்பதையும் கேலன் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அவற்றைப் பிரதான வழியாகக் கொள்ளாமல், சுவரின் துளைகளையே நம்பினார்.

அரபு மருத்துவர்கள் அந்த நுண்பொருளை ‘ரூஹ்’ என்று மொழிபெயர்த்தனர். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மருத்துவ நூல்களில் வரும் ‘ரூஹ்’ என்பது, இறைவனின் கட்டளையைச் சார்ந்தது என்று நாம் நம்பும் ஆன்மா அன்று. குருதியின் மெல்லிய ஆவியும் காற்றும் கலந்து பிறக்கும் ஒரு சடப்பொருள். காற்றைக் குறிக்கும் ‘ரீஹ்’ என்னும் சொல்லும் அதே வேரினது. மூச்சைக் குறிக்கும் ‘நஃபஸ்’, ஆளைக் குறிக்கும் ‘நஃப்ஸ்’, மூச்சியக்கத்தைக் குறிக்கும் ‘தனஃப்புஸ்’ ஆகியவையும் ஒரு குடும்பத்துச் சொற்களே. நம் ஆசிரியரின் பெயரிலுள்ள ‘நஃபீஸ்’, அதாவது அருமையானது என்னும் சொல்லும் அவ்வேரிலேயே சேரும். இது தற்செயல்தான் எனினும், அரபு கற்பிப்போருக்கு இனிக்கும் தற்செயல்.

ஹிஜ்ரி 428 (கி.பி. 1037)இல் மறைந்த இப்னு ஸீனா, இந்தக் கேலனியச் சித்திரத்தைத் தம் கானூனில் ஒழுங்குபடுத்தி வைத்தார். அதனுடன் அரிஸ்டாட்டிலின் கருத்தொன்றையும் இணைத்தார். இதயத்துக்கு அறைகள் இரண்டல்ல, மூன்று. நடுவில் ஒரு சிறிய இடையறை உண்டு என்பது அது. கானூனின் மதிப்பு நாம் விளக்க வேண்டியதன்று. ஸமர்கந்து முதல் குர்துபா வரை மருத்துவம் பயின்றோருக்கு அதுவே மூலநூல். இலத்தீனில் பெயர்க்கப்பட்டபின் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் நூற்றாண்டுக் கணக்கில் அது பாடமாக இருந்தது. அந்நூலின் ஒரு வரியை மறுப்பதென்றால், அரிஸ்டாட்டில், கேலன், இப்னு ஸீனா ஆகிய மூவரையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டும்.

எதிர்கொண்டவர் திமஷ்கைச் சேர்ந்தவர். அவர் பிறந்தது ஹிஜ்ரி 607 (கி.பி. 1210) என்பது பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு, 1213 என்போரும் உளர். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய நூரீ மருத்துவமனையில், புகழ்பெற்ற மருத்துவர் முஹத்தபுத்தீன் அத்-தக்வாரின் மரபில் கற்றார். பின்னர் கெய்ரோ சென்று, எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். ஆனால் அவரை மருத்துவராக மட்டும் எண்ணுவது தவறு. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகக் கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்தினார். நம் கடற்கரை ஊர் மத்ரஸாக்களில் பெயர் கேட்டிராதவர் இல்லாத ‘அத்-தன்பீஹ்’ என்னும் ஃபிக்ஹ் நூலுக்கு உரை எழுதத் தொடங்கினார். ஹதீஸ் கலையின் அடிப்படைகள் பற்றி ஒரு சுருக்க நூல் எழுதினார். இமாம் தாஜுத்தீன் அஸ்-ஸுப்கீ (ரஹ்) தமது ஷாஃபிஈ அறிஞர் வரலாற்றுத் தொகுப்பில் அவருக்கு இடமளித்திருப்பது இதனால்தான்.

அவர் எழுதும் விதம் பற்றி வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்திகள் சுவையானவை. எழுதுகோல்களை முன்கூட்டியே சீவி வைக்கச் சொல்லிவிட்டு, சுவரை நோக்கி அமர்ந்து, எந்த நூலையும் புரட்டிப் பார்க்காமல் வெள்ளம்போல் எழுதுவாராம். ஒருமுறை குளியல் கூடத்தில் இருந்தபோது நடுவிலேயே வெளியறைக்கு வந்து, தாளும் மையும் வரவழைத்து, நாடி பற்றிய ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டுக் குளியலைத் தொடர்ந்தார் என்றும் சொல்வர். ‘அஷ்-ஷாமில்’ என்னும் மருத்துவக் களஞ்சியத்தை 300 பாகங்களாகத் திட்டமிட்டு, 80 பாகங்களைச் செப்பம் செய்து முடித்தார். ஹிஜ்ரி 687 துல்கஃதா (கி.பி. 1288 டிசம்பர்) மாதத்தில் கெய்ரோவில் மறைந்தார். இறுதி நோயில் மருந்தாக மதுவை அருந்தச் சொன்ன மருத்துவ நண்பர்களிடம், அதைத் தம் உடலில் சுமந்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்று மறுத்துவிட்டதாகப் பதிவாகியுள்ளது. தம் வீட்டையும் நூலகத்தையும் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டி முடித்த மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபாக விட்டுச் சென்றார்.

நாம் பேசும் உரைநூலோ முதுமையில் எழுதப்பட்டதன்று. ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) எனத் தேதியிட்ட கையெழுத்துப் பிரதியொன்று இன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அப்படியானால் அவருக்கு அப்போது முப்பது வயதையொட்டியே இருந்திருக்க வேண்டும்.

அந்த இளம் உரையாசிரியர் செய்தது என்ன? மூல நூலாசிரியரின் கூற்றை முதலில் எடுத்து வைக்கிறார். பின்னர் அதன் உட்பொருளை ஆராய்கிறார். இதயத்துக்கு மூன்று அறைகள் என்னும் இடத்தில் நின்று, இது சரியன்று என்கிறார். அறைகள் இரண்டே; ஒன்று குருதியால் நிறைந்தது, வலப்பக்கம்; மற்றொன்று ரூஹால் நிறைந்தது, இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவே வழி கிடையவே கிடையாது. இடைச்சுவர் தடித்தது, இறுகியது. சிலர் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியும் வழியும் அதில் இல்லை. கேலன் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியாத துளையும் அதில் இல்லை.

சுவரில் வழியில்லையெனில் குருதி இடப்பக்கம் போவது எப்படி? போகத்தான் வேண்டும், ஏனெனில் காற்றோடு கலந்து ரூஹ் பிறப்பதற்கு மெல்லிய குருதி தேவை. எஞ்சியிருப்பது ஒரே வழி. வலக் கீழறையில் மென்மைப்படுத்தப்பட்ட குருதி, ‘அல்-வரீதுஷ் ஷிர்யானீ’ வழியே, அதாவது இன்று நுரையீரல் தமனி என்று சொல்லப்படும் நாளத்தின் வழியே, நுரையீரலுக்குச் சென்றாக வேண்டும். அங்கே அதன் பொருண்மைக்குள் பரவி, காற்றோடு கலந்து, மிக மெல்லிய பகுதி வடிகட்டப்பட்டு, ‘அஷ்-ஷிர்யானுல் வரீதீ’ என்னும் நுரையீரல் சிரையை அடைந்து, அதன் வழியே இடக் கீழறைக்கு வர வேண்டும். கழுத்து நரம்பைக் குறிக்கும் ‘ஹப்லுல் வரீத்’ என்னும் குர்ஆனியச் சொல்லால் ‘வரீத்’ நமக்கு அறிமுகமானதே. மருத்துவ வழக்கில் அது பொதுவாகச் சிரையைக் குறிக்கும். சிரையின் பணியையும் தமனியின் கட்டமைப்பையும் கொண்டது என்பதால் முன்னோர் இந்நாளங்களுக்கு இப்படிக் குழம்பவைக்கும் இரட்டைப் பெயர்களை இட்டனர்.

அவ்விரு நாளங்களின் சுவர்களையும் அவர் சான்றாக அழைக்கிறார். குருதியைக் கொண்டு செல்லும் நாளம் ஏன் தடித்த இரட்டைச் சுவர் கொண்டிருக்கிறது? அதிலிருந்து மிக மெல்லியது மட்டுமே கசிய வேண்டும் என்பதற்காக. திரும்பிவரும் நாளம் ஏன் மெல்லிய சுவர் கொண்டது? கசிந்து வருவதை எளிதில் ஏற்பதற்காக. இவ்விரு நாளங்களுக்கும் இடையே உணரத்தக்க துளைவழிகள் இருக்கின்றன என்று முடிக்கிறார். நுரையீரலின் அமைப்பையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். ‘கஸபத்துர் ரிஆ’ என்னும் மூச்சுக்குழாயின் கிளைகள், ஒரு நாளத்தின் கிளைகள், மற்றொரு நாளத்தின் கிளைகள், இம்மூன்றையும் இணைக்கும் தளர்ந்த, துளைகள் நிறைந்த சதை: இவையே நுரையீரல். காற்றுக்கு ஒரு வழி, குருதி வர ஒரு வழி, குருதி போக ஒரு வழி, நடுவில் சந்திக்கும் இடம். கேலனுக்கு இதயத்துக்குள் நிகழ்ந்த கலப்பை இவர் நுரையீரலுக்குள் இடம் மாற்றிவிட்டார். மூச்சின் வரலாற்றில் இதுவே பெருந்திருப்பம் என்பது நம் கருத்து.

அதே நூலில் மற்றொரு திருத்தமும் உண்டு. வலக் கீழறையில் நிறைந்திருக்கும் குருதியே இதயத்துக்கு உணவாகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. இதயம் தன் சதைக்குள் ஓடும் நாளங்களிலிருந்தே உணவு பெறுகிறது என்கிறார். இன்று மாரடைப்பு என்ற சொல்லோடு நாம் அஞ்சி உச்சரிக்கும் இதயத் தமனிகளின் பணி அது.

இங்கு ஒரு வினா எழும். ஆய்வாளர்கள் இன்றும் உடன்படாத வினா. அவர் உடலை அறுத்துப் பார்த்தாரா? நூலின் முன்னுரையில் அவரே, மார்க்கச் சட்டத்தின் தடையும், இயல்பாக உள்ள இரக்கமும் தம்மை அறுத்துப் பார்ப்பதிலிருந்து விலக்கின என்றும், எனவே முன்னோரை, குறிப்பாகக் கேலனையே சார்ந்திருப்பதாகவும், சில விஷயங்களில் மட்டும் விலகுவதாகவும் கூறுகிறார். ஆனால் நூலின் உள்ளே, மறுப்பு வரும் இடத்தில், தஷ்ரீஹ் அவர்களது கூற்றைப் பொய்யாக்குகிறது என்று அழுத்தமாகச் சொல்கிறார். விலங்குகளின் இதயங்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பர் சிலர். ‘தஷ்ரீஹ்’ என்பது அறுக்கும் செயலை மட்டுமன்றி, உடற்கூறு என்னும் துறையையும் குறிக்கும் சொல். எனவே முன்னோரின் பதிவுகளையே ஒன்றோடொன்று மோதவிட்டு அவர் முடிவுக்கு வந்தார் என்பர் வேறு சிலர். ஆட்டின் இதயத்தை அறுத்து, நடுச்சுவர் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பதற்குக் கெய்ரோவிலோ திமஷ்கிலோ எந்தச் சட்டமும் தடையாக இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் சொல்லாததை நாம் அவர் வாயில் திணிக்க வேண்டியதில்லை.

நம் சிந்தனைக்குப் படுவது ஒன்றுண்டு. ஹதீஸ் கலையில் ஊறிய ஒருவர், செய்தியைக் கேட்டவுடன் அதைச் சொன்னவரின் பெருமையைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிடுவதில்லை. நேரில் கண்டது யார், கேட்டது யார் என்று கேட்பார். கண்ணுக்குப் புலப்படாத துளை என்பது சாட்சியில்லாத செய்தி. சொன்னவர் கேலனாகவே இருந்தாலும் அது சாட்சியில்லாததுதான். கேலனுக்கு அத்துளை தேவைப்பட்டது. தேவைப்பட்டதால் இருந்தாக வேண்டும் என்று கொண்டார். ஹதீஸ் அடிப்படைகள் பற்றி நூலெழுதிய கரம் அதைக் கடந்து செல்லவில்லை என்பதில் வியப்பில்லை. 2013இல் வெளியான தம் நூலில் நஹ்யான் ஃபேன்ஸி என்னும் ஆய்வாளர் இன்னும் ஆழமாகச் சென்று, ஆன்மா, உடல், மறுமையில் உடலோடு எழுப்பப்படுதல் ஆகியவை பற்றிய இப்னுந் நஃபீஸின் இறையியல், மெய்யியல் நிலைப்பாடுகளே ரூஹ் பற்றிய பழைய கோட்பாட்டைத் திருத்தி எழுத அவரைத் தூண்டின என்று வாதிடுகிறார். ‘காமில்’ என்னும் தனித்தீவு மனிதனின் கதையை ‘ஃபாளில் இப்னு நாதிக்’ என்பவர் சொல்லும் வடிவில் அவர் எழுதிய ‘அர்-ரிஸாலத்துல் காமிலிய்யா’ இதற்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. மதம் ஒருபுறம், மருத்துவம் மறுபுறம் என்று பிரித்துப் பார்த்தால் இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது என்ற அளவில் அவரது வாதம் நமக்கு ஏற்புடையதே.

இனி, அவர் சொல்லாதவை. குருதி உடலெங்கும் சென்று மீண்டும் இதயத்துக்குத் திரும்பிவந்து சுற்றுகிறது என்று அவர் சொல்லவில்லை. குருதி கல்லீரலில் பிறந்து உறுப்புகளில் தீர்கிறது என்ற பழைய கருத்திலேயே நின்றார். நுரையீரலைக் கடந்து செல்லும் சிறு வழியைக் கண்டார், பெருவட்டத்தைக் காணவில்லை. அதை நிறுவியவர் 1628இல் நூல் வெளியிட்ட இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது என்று கணக்கிட்டு, அரைமணி நேரத்தில் வெளியேறுவது உடலிலுள்ள மொத்தக் குருதியையும் மிஞ்சிவிடும், எனவே அது சுற்றி வந்தே தீர வேண்டும் என்று காட்டினார். அவ்வாதம் எவரிடமிருந்தும் திருடப்பட்டதன்று. இப்னுந் நஃபீஸ் ஊகித்த நுரையீரலின் துளைவழிகளைக் கண்ணால் கண்டவர் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி. 1661இல், தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, நுண்குழாய்களின் வலையைப் பார்த்தார். காற்றில் எப்பகுதி குருதிக்குள் செல்கிறது என்பது 1770களுக்குப் பின், பிரீஸ்ட்லி, லவாய்சியே ஆகியோரால் ஆக்சிஜன் அறியப்பட்ட பிறகே விளங்கத் தொடங்கியது. நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து குருதிக்குள் தள்ளுகிறதா, அல்லது அது மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவுகிறதா என்ற சர்ச்சையில், பரவலே போதும் என்று டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், மேரி குரோக் தம்பதியர் நிறுவியது 1910இல்.

ஹார்விக்கு முன்பே ஐரோப்பாவில் நுரையீரல் வழியைச் சொன்னோர் உண்டு. ஸ்பெயினின் மிகேல் செர்வீட்டஸ் 1553இல் வெளியிட்ட இறையியல் நூலொன்றினுள் அதை எழுதினார். நுரையீரலுக்கு உணவு கொடுக்க மட்டும் இவ்வளவு பெரிய நாளம் எதற்கு என்பது அவரது வாதங்களுள் ஒன்று. அந்நூலின் சமயக் கருத்துகளுக்காக அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஜெனீவாவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். 1559இல் ரியால்டோ கொலம்போ தம் உடற்கூற்று நூலில் அதே வழியை விளக்கினார். இவர்களுக்கு இப்னுந் நஃபீஸின் கருத்து எட்டியிருக்குமா? ஆந்திரேயா அல்பாகோ என்னும் இத்தாலிய மருத்துவர் திமஷ்கில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்து அரபு கற்றவர். கானூனின் கூட்டு மருந்துகள் பகுதிக்கு இப்னுந் நஃபீஸ் எழுதிய உரையை அவர் இலத்தீனில் பெயர்த்தது, அவர் இறந்தபின் 1547இல் வெனிஸில் அச்சாயிற்று. ஆனால் அச்சான அப்பகுதியில் நுரையீரல் பற்றிய செய்தி இல்லை. வாய்மொழியாகச் சென்றிருக்கலாம் என்பது ஊகம். ஊகத்தைத் தீர்ப்பாக்குவது நம் ஃபுகஹாக்களின் வழியன்று.

நம்மவர் அந்நூலை என்ன செய்தனர் என்பதே நமக்கு உறுத்தும் கேள்வி. இப்னுந் நஃபீஸ் கானூன் முழுவதையும் சுருக்கி ‘அல்-மூஜஸ்’ என்னும் கையடக்க நூலாக எழுதினார். அது பரவிய வேகத்துக்கு அளவில்லை. அதற்கு அக்ஸராயீ எழுதிய உரையும், கிர்மானைச் சேர்ந்த நஃபீஸ் இப்னு இவள் எழுதிய ‘நஃபீஸீ’ என்னும் உரையும் இந்தியாவின் யூனானிப் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் நின்றன. (‘நஃபீஸீ’ என்பது உரைகாரரின் பெயரால் வந்தது, இப்னுந் நஃபீஸின் பெயரால் அன்று. இதில் தடுமாறுவோர் பலர்.) நுரையீரல் வழி பற்றிய செய்தியை மூஜஸின் உரைகாரர்கள் சிலர் எடுத்துப் பேசவும் செய்தனர் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன, ஆகவே அது அடியோடு மறக்கப்பட்டது என்பது மிகை. ஆயினும் சுருக்கம் பாடநூலாகி மனனம் செய்யப்பட்டது; மறுப்புகள் நிறைந்த பெரிய உரை ஏடுகளாக நூலகங்களில் தங்கிவிட்டது. சுருக்கத்தைக் கற்பிப்பது எளிது, தேர்வு வைப்பதும் எளிது. மூல நூலாசிரியரோடு வாதாடும் உரையைக் கற்பிக்க, வாதாடத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

அந்த ஏடு மீண்டும் படிக்கப்பட்டது 1924இல். முஹ்யித்தீன் அத்-ததாவீ என்னும் எகிப்திய இளம் மருத்துவர், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகப் பயின்றுகொண்டிருந்தார். பெர்லின் அரசு நூலகத்திலிருந்த ‘ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்’ பிரதியைப் படித்து, அதிலிருந்த நுரையீரல் பகுதியைத் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். அரபு அறியாத அவருடைய பேராசிரியர்களால் அதை நம்ப முடியவில்லை. கெய்ரோவில் கண் மருத்துவராக இருந்த, அரபு மருத்துவ வரலாற்றில் தேர்ந்த மாக்ஸ் மேயர்ஹோஃபிடம் செய்தி சென்றது. அவர் பிற பிரதிகளையும் தேடி ஒப்பிட்டு, கூற்று மெய்யே என்று கண்டு, 1930களில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகள் வெளியிட்டார். மருத்துவ வரலாற்று நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. ததாவீயின் ஆய்வேடு அச்சேறவில்லை. 1945இல் அவர் மறைந்தார்.

உரைநூலின் அரபு மூலம் ஸல்மான் கதாயா, பால் கல்யூன்ஜீ ஆகியோரின் பதிப்பாகக் கெய்ரோவில் 1988இல் அச்சில் வந்தது. இப்னுந் நஃபீஸ் அதே நகரில் மறைந்து அப்போது 700 ஆண்டுகள் ஆகியிருந்தன.